ஆவி இழப்பு

எங்கள் வளாகத்தில் சட்டப்படி இருக்கும் மது
மொத்தம் ஆறரை லிட்டர்.
வேதியியல் துறை, வடக்கு அறை, இரும்பு பீரோ.
பூட்டு இரண்டு. ஒரு சாவி துறைத்தலைவரிடம்,
இன்னொன்று பத்தொன்பது வருடமாய்
என் அரைஞாணில்.

மூன்று மாதத்துக்கொருமுறை
சிவகங்கையிலிருந்து ஆய்வாளர் வருவார்.
குப்பியில் குச்சி விடுவார், பதிவேட்டைப் புரட்டுவார்.
நூற்றுக்கு இரண்டுவரை ஆவி இழப்பு அனுமதி.
"காரைக்குடி வெயிலும் கொஞ்சம் குடிக்கும்ல"
என்று அதே சிரிப்பைச் சிரித்துவிட்டுக்
கையெழுத்துப் போடுவார்.

விடுதி விதிப்புத்தகத்தில், பதினோராம் பக்கம்,
வெயிலுக்குக்கூட இடமில்லை:
எவ்வளவு குறைந்த அளவாயினும்.

ஆடியில் ஊதிப்பார்க்கும் கருவி வந்தது.
சந்தனம் வைத்தார்கள், குழலில் குங்குமம்.
"சாராயம் உங்க டிபார்ட்மெண்ட்தானே"
என்று என் கையில் தந்தார் காப்பாளர் உமையாள்.
பெட்டிக்குள் கிடந்த தாள் சொன்னது:
பயன்படுத்துமுன்
செறிவு தெரிந்த கரைசலால் சரிபார்க்க.
நாற்பது மில்லி கேட்டு எழுதினேன்.
பதினேழாம் நாள் பதில்:
உரிமம் கற்பித்தலுக்கு மட்டும்.
நகல் ஆறு பேருக்கு.
ஆக, அது குடிப்பதற்கும் இல்லை,
குடித்தவனைப் பிடிப்பதற்கும் இல்லை.

ஆவணி முகூர்த்தம். பள்ளத்தூரில்
சிநேகிதனின் அக்கா கல்யாணம்.
இரவு பத்து நாற்பதுக்கு வாசலில் நிறுத்தினார்கள்
சேவுகப்பெருமாளை.
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, ஊர் புதுவயல்.
எனக்குத் தெரிந்த பையன்.
பியூரெட்டில் கடைசிச் சொட்டு விழும்வரை
மூச்சை அடக்கி நிற்பான்.
ஊதச் சொன்னார்கள். ஊதினான்.
சிவப்பில் 0.04.

"ரெண்டு மூடி சார், பாயசத்துக்கு அப்புறம்"
என்றான் என்னிடம், நான் கேட்காமலே.

விசாரணைக்கு முந்தைய இரவு
வடக்கு அறையில் விளக்குப் போடவில்லை,
ஃபோன் வெளிச்சத்தில்
நாற்பது மில்லி அளந்தேன்.
வெறுங்காற்றைக் காட்டினேன்: 0.02.
கரைசலைக் காட்டினேன்: அதிலும் இரண்டு கூடுதல்.
நானே ஊதினேன், வெற்றிலைகூடப் போடாத வாய்.
0.02.
கருவி பிறந்ததிலிருந்தே லேசான போதையில் இருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்: ஆவி இழப்பு, 40.

செவ்வாய் மதியம், மோரும் தேன்குழலும்.
"குடித்தது வளாகத்துக்கு வெளியேதானே" என்றார்
பேராசிரியர் ஆரோக்கியநாதன்.
"போன வருஷம் கருத்தரங்க விருந்தில்
கானாடுகாத்தான் ஓட்டலில்
நாம் பரிமாறியதும் வெளியேதான்.
பில்லில் 'பானங்கள்' என்று எழுதினோம்."
துணைப் பதிவாளர் தேன்குழலை உடைத்தார்.
அது உடைகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

நான் எழுந்தேன்.
"கருவி இரண்டு கூட்டிச் சொல்கிறது ஐயா."
"எப்படித் தெரியும்?"
இந்தக் கேள்விக்கு நான் தயாரித்த பதில்
காலை பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருந்தது.
"பார்த்தேன்" என்றேன். "நேற்று ராத்திரி."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு உமையாள், மெதுவாகத்தான் கேட்டார்:
"அப்ப மிச்சம் ரெண்டு இருக்குதுங்களே?"
இருந்தது.
பதினோராம் பக்கம் திறந்தே இருந்தது.

அவனுக்கு ஒரு பருவம் விடுதி கிடையாது.
எனக்கு ஒரு மெமோ.
ஆவி இழப்பைச் சிவப்பு மையில் அடித்து
சரிபார்ப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கார்த்திகையில் வந்த ஆய்வாளர்
அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தார்.
"நாற்பதுதானே, ஆவின்னே விட்டிருக்கலாமே"
என்றார். இந்தமுறை சிரிக்கவில்லை.

சேவுகப்பெருமாள் புதுவயல் பஸ்ஸில் வருகிறான்.
முதல் மணிக்குப் பாதி நாள் தாமதம்.
தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால்
நின்று, வணக்கம் சொல்கிறான்,
வாயைக் கையால் மூடிக்கொண்டு.