டெமரேஜ்

பெட்டி கப்பலிலிருந்து இறங்கியபின்
ஏழு நாள் சும்மா கிடக்கலாம்.
எட்டாம் நாளிலிருந்து காசு.
உள்ளே பொம்மையா, பேரீச்சையா, பழைய இரும்பா
யாரும் கேட்பதில்லை.
நின்ற நாள் எத்தனை, அவ்வளவுதான் பேச்சு.
ராஜாஜி சாலையில் ஓர் ஆபீசில்
பதினோரு வருடமாக
அந்த பில்லைத்தான் அடிக்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டையில்.
நாலு போர்ஷன், ஒரு மோட்டார், ஒரே கக்கூஸ்.
ராத்திரி கண்டெய்னர் லாரி போனால்
அலமாரிப் பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

நவம்பர் பன்னிரண்டு.
கரையைக் கடக்கலாமா வேண்டாமா என்று
புயல் கடலில் நின்று யோசித்த இரவு.
மகள் புரண்டு படுத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி
மேல்பூச்சு பெயர்ந்து விழுந்தது.
கம்பி தெரிந்தது,
கருவாட்டு முள் மாதிரி.

மறுநாள் காலையில் போன் செய்தேன்.
'பாத்துக்கிடலாம்மா' என்றார் ஜெயசிங் அண்ணாச்சி.

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.
மல்லாந்து படுத்தால்
வேறெதைப் பார்ப்பது?

கொத்தனார் ஊருக்குப் போயிருக்கிறார்.
மணல் விலை தெரியுமா உங்களுக்கு?
மார்கழியில் வீட்டை உடைக்கக்கூடாது.
தை பிறக்கட்டும்.
தை பிறந்து, தவழ்ந்து,
சுவரைப் பிடித்து நடக்கவும் தொடங்கியது.

கீழ் போர்ஷன் நூர்ஜஹான் சுவரில் பூஞ்சை
ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. மகனுக்கு இழுப்பு.
இன்ஹேலர் ரசீதுகளை அரிசி டப்பாவில் போட்டுவைத்தாள்,
எதற்கென்று தெரியாமல்.
ஆட்டோ தேவநேசன் கக்கூசுக்குக் குடையோடு போனார்.
'அட்வான்ஸ் அவன் கைல கீது,
வாயத் தொறந்தா காலி பண்ணுன்னுவான்'
என்றார் மாடிக் கோதண்டம்.
அதற்குப் பிறகும் ஒரு மாதம் திறக்கவில்லை,
நான் உட்பட.

பிப்ரவரியில், ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்,
ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன்.
பெட்டி எண் என்ற இடத்தில் கதவு எண்.
கப்பல் பெயர் என்ற இடம் காலி.
சொன்ன நாள் முதல் எண்பத்தொன்பது நாள்,
இலவசம் ஏழு.
முதல் முப்பதுக்கு நாளொன்றுக்குப் பத்து,
மீதி ஐம்பத்திரண்டுக்கு முப்பது.
ஆகமொத்தம் ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
ஆறாயிரத்து ஐந்நூறில் கழித்துக்கொண்டோம்.

பத்தாம் தேதி, சாயங்காலம் ஏழு மணி,
மளிகைக் கடையில் நெருக்கியடிக்கும் நேரம்,
நாலு போனிலிருந்தும் ஒன்றாக அனுப்பினோம்.
கல்லாவுக்குப் பக்கத்துப் பெட்டி அறிவித்தது:
'நாலாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது.'
மறுபடியும்.
மறுபடியும்.
மறுபடியும்.
'இன்னா அண்ணாச்சி, எவன் இத்தினி பருப்பு வாங்குறான்?'
என்று ஒருத்தர் கேட்டாராம்.
கால் கிலோ சர்க்கரை வாங்கும் சாக்கில்
அங்கே நின்ற தேவநேசன் சொன்னது.

கடை சாத்திவிட்டு நேரே வந்தார்.
கம்பிக்கு நேர் கீழே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
பில்லை இரண்டு தரம் படித்தார்.
கத்துவார் என்று
மாடிப்படியில் மூன்று குடும்பம் காத்திருந்தது.
'ஏழு நாளு எதுக்கும்மா சும்மா விட்டிருக்க?'
'எல்லாப் பெட்டிக்கும் உண்டு அண்ணாச்சி.'
அப்புறம் நூர்ஜஹான் மகன் இருமியது கேட்டது.
'அந்தப் பையன் மருந்து இதுல இல்லையே?'
'அதுக்கு எங்க ஆபீசுல ரேட்டு கெடையாது.'
கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.
பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
செருப்பைத் தேடினார்.

வியாழக்கிழமை கொத்தனார் வந்தார்.
கல்யாணமும் ஆகவில்லை,
ஊருக்கும் போகவில்லையாம்.
கூரைக்குப் பூச்சு, கீழ்ச் சுவருக்குச் சுண்ணாம்பு.
கக்கூஸ் மட்டும் அடுத்த மாதம்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபதைத்
தள்ளுபடி செய்யச் சொல்லி
இப்போது அவர் போன் செய்கிறார்.
எங்கள் ஆபீசுக்கும் தினம் பத்துப் பேர்
அப்படி வருவார்கள்.
அவர்களுக்குச் சொல்வதையே சொன்னேன்:
எழுத்தில் கொடுங்கள்,
பரிசீலிக்கிறோம்.

தேவநேசன் குடையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.
கக்கூசுக்கு இன்றோடு
இருபத்து மூன்றாம் நாள்.