தண்ணீர் ஜாஸ்தி

பாம்பனிலிருந்து மீன் வந்த தெர்மாக்கோல் பெட்டி.
மூன்று தரம் கழுவினேன்,
சோப்புப் போட்டு, புளி போட்டு, வெயிலில் கவிழ்த்து.
கவிச்சி போகவில்லை.
சரி, மிளகாய்க்கு மூக்கா இருக்கிறது.

குடைக்கம்பியைச் சுட்டு
அடியில் இருபது துளை.

வாசல் மண்ணைக் கிள்ளி
நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன்:
கடல்.
கொல்லை மண்:
அதுவும் கடல், கொஞ்சம் கோழி எச்சத்தோடு.
அதனால் உத்தரகோசமங்கையில்
நாத்தனார் நம்புசெல்வியின் வயலிலிருந்து
பையனின் பழைய பள்ளிக்கூடப் பையில்
மண் வந்தது பஸ்ஸில்.
"என்னம்மா உள்ளே?"
"மண்ணு."
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

புரட்டாசி வெயில் இன்னும் இறங்கவில்லை.
வெளியே விதை போட்டால்
பகலில் வறுபடும், ராத்திரி உப்புக்காற்று நக்கும்,
மிச்சத்தைச் சேவல் கணக்குப் பார்க்கும்.
ஐப்பசியில் மழை வருமென்றால்
வரும்போது கையில் நாற்று இருக்க வேண்டும்.
வந்தபிறகு விதை தேடுகிறவளுக்காக
அது காத்து நிற்காது.

ஆகவே வீட்டுக்குள்.
சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு,
கிழக்கே ஒற்றை ஜன்னல்,
ஜன்னலடியில் தையல்மிஷின், அதன்மேல் பெட்டி.
பாசி எடுக்கும்போது விரலில் சுற்றுகிற
துணிக்கீற்று ஒன்றைக் கிழித்து
விதையை முடிச்சாகக் கட்டி
அரிசி களைந்த நீரில் ஓர் இரவு.
குண்டு மிளகாய் முப்பது. கத்தரி பதினெட்டு.

ஆறாம் நாள் ஒன்றுமில்லை.
ஏழாம் நாள் ஒன்றுமில்லை.
எட்டாம் நாள் தீவுப்பக்கம் போய்த் திரும்பி
ஈரப் பாவாடையோடு எட்டிப் பார்த்தேன்.
கொண்டை ஊசிபோல் வளைந்து
ஒரு வெள்ளை முதுகு
மண்ணை முட்டிக்கொண்டிருந்தது.
தலை இன்னும் உள்ளே.

அதன்பிறகுதான் நான் கெட்டுப்போனேன்.

லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
நான் குடிக்கிற செம்பில் பாதியை
மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலுக்கு மாற்றி
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை,
தூக்கம் வராத ராத்திரியில் இன்னொருமுறை.
"எனக்குக்கூட இப்படி ஊற்றினதில்லையே"
என்றார் பூமிநாதன், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து.

பதினைந்தாம் நாள் காலை
பாதிக்குமேல் படுத்துக் கிடந்தன.
இலை பச்சை. வேர் வெள்ளை.
கழுத்தில் மட்டும்
நூல் கட்டி இழுத்ததுபோல் ஒரு கருப்பு.

ஒன்றைக் காகிதத்தில் மடித்து
ராம்நாட்டு உரக்கடைக்குப் போனேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் கடைக்காரர்.
"தண்ணீர் ஜாஸ்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவர் புரியாமல்
ஒரு மருந்துப் பொட்டலத்தை நீட்டினார்.
பஸ்ஸில் ஏறியும் சிரித்தேன்.
குடம் குடமாய் எண்ணி வாங்குகிற வீட்டில்
தண்ணீர் ஜாஸ்தியாகிச் செத்தவை
இருபத்தேழு.
திருப்புல்லாணி தாண்டும்போது
சிரிப்பு நின்றது.

மிச்சம் பதினொன்று.
அவற்றைக் காயவிட்டேன்.
செம்பை முழுதாக நானே குடித்தேன்.

எல்லாம் ஜன்னல்பக்கம் சாய்கின்றன.
சாயங்காலம் பெட்டியைத் திருப்பி வைக்கிறேன்,
விடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி கடலைப் பார்த்து.
என்ன பழக்கமோ.

இப்போது தினம் ஒரு மணிநேரம் வாசற்படியில்.
நேற்று இரண்டு.
இலைநுனி கருகியது. கருகட்டும்,
இங்கேதானே இருக்கப்போகிறது.

நேற்று ராத்திரி தொண்டிப்பக்கம் மின்னியது.
எழுந்து, இருக்கிற குடங்களையெல்லாம்
வாசல் தகரத்து ஓரம் வரிசையாய் வைத்தேன்.
பெட்டியை உள்ளே இழுத்தேன்.
நாலு சொட்டு.
தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

எதிர்வீட்டு மெர்சலின் இரண்டு நாற்று கேட்கிறாள்.
இல்லையென்று சொல்ல முடியாது,
அவள் குடம்கூட இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
எந்த இரண்டு என்று
காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நல்லதாக இரண்டு.
இல்லை,
நல்லது ஒன்று, சாய்ந்தது ஒன்று.