சொந்தக் காரணங்களால்

பதினெட்டு நாள் முழுசு,
பத்தொன்பதாவது பாதி.
அந்தப் பாதிக்குச் சம்பளம் உண்டா என்று
யாரும் இன்னும் சொல்லவில்லை.

சேர்ந்த அன்று கொடுத்த நீலச் சட்டை
ஆம்பளை அளவு.
"செங்கொடியா பேரு? யூனியன் வீடோ?"
சிரித்தார் சூப்பர்வைசர் தனபாலன்.
அப்பா வச்சது சார் என்றேன்,
அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி.

கோவில்வெண்ணியைத் தாண்டி அந்த மில்.
குறுவை நெல் ராவும் பகலும் வந்து இறங்கும்.
என்னுடையது கடைசி வேலை:
இருபத்தாறு கிலோ விழுந்த மூட்டையின் வாயை
மடித்துத் தைப்பது.
மேலேயிருந்து கயிற்றில் தொங்குகிற மெஷின்
வலக்கைக்காரர்களுக்கென்று செய்தது.
நான் இடக்கை.
வலக்கையில் மெஷின், இடக்கையில் மூட்டை.
எழுதுகிற கை எப்போதும்
ஊசிக்குப் பக்கத்தில்.

அன்று ஷிப்டுக்கு மூன்று பேர் வரவில்லை.
லாரி நிக்குது, லாரி நிக்குது என்று
குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.
சாக்கோடு சேர்த்து
ஆள்காட்டி விரலையும் தைத்திருந்தேன்.
நூலை வெட்டுவதா சாக்கை வெட்டுவதா என்று
கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.
நூலைத்தான் வெட்டினார்கள்.

நீடாமங்கலம் கேட்டில் ஆட்டோ நின்றது.
நிற்காமல் யார் போயிருக்கிறார்கள் அதை.
கூட்ஸ் வண்டி. அரிசி.
துண்டு நனைய நனைய எண்ணினேன்,
நாற்பத்திரண்டு பெட்டி.
என் தையல் எதில் போகிறதோ.

ஊசிமுனை எலும்பில் தங்கிவிட்டது என்றார்கள்
மன்னார்குடி ஆஸ்பத்திரியில்.
எடுத்தார்கள். சீழ் வைத்தது.
இனி மடங்காது.

ஈ.எஸ்.ஐ. கார்டு கேட்டதற்கு
"மாசம் முடிஞ்சாத்தாம்மா பேரே ஏறும்."
அதைச் சொல்ல வந்த தனபாலன்
டிவிஎஸ்ஸில் ஒரு மூட்டை அரிசி வைத்துக்கொண்டு வந்தார்.
டீ போட்டுக் கொடுத்தேன், ஒற்றைக் கையால்.
குடித்தார்.
சுவர்க் காலண்டரை ரொம்ப நேரம் படித்தார்.

ராஜினாமாவை ஆபீஸிலேயே அடித்து வைத்திருந்தார்கள்.
"எனது சொந்தக் காரணங்களால்
பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்."
கையெழுத்துதான் பாக்கி.

ஒண்ணாம் வகுப்பில் ஸ்கேலால் அடித்து அடித்து
டீச்சர் பழக்கப் பார்த்த வலக்கையை
முப்பத்தோரு வயதில் முதல்முறையாகக் கூப்பிட்டேன்.
முதல் மூன்று சொல்லையும் அடித்தேன்.
மேலே எழுதினேன்:
உங்கள் தையல் மெஷினால்.
கொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது,
சுழி கோட்டைத் தாண்டி ஓடியது.
பரவாயில்லை, படிக்க முடிந்தது.
தேதி போட்டேன். நேரமும்,
பதினொன்றே கால்.

கிளார்க் ரஹமத்நிஷா இரண்டு தரம் படித்தாள்.
"இப்படி எழுதினா வாங்க மாட்டாங்கக்கா."
வாங்கலன்னா நான் இன்னும் வேலையில இருக்கேன்னு அர்த்தம், என்றேன்.
அவள் உள் அறையைப் பார்த்தாள்.
பிறகு சீலை எடுத்தாள்.
ஜெராக்ஸும் போட்டுத் தந்தாள்,
காசு கேட்கவில்லை.

அந்த மூட்டை பிரிக்காமல்
அடுப்பங்கரையில் கிடக்கிறது.
சங்கிலித் தையலுக்கு நுனி இரண்டு.
ஒன்றை இழுத்தால்
சரசரவென்று மொத்தமும் அவிழும்.
மற்றதை இழுத்தால் இறுகிக்கொள்ளும்.
எது எதுவென்று
அந்த விரலுக்குத்தான் தெரியும்.