பத்துக் கிலோவுக்குக் கீழே

லாபிஸ் தாண்டி ஆலைக்குத் திரும்பும் இடத்தில்
எடைமேடை. அதன் கூண்டுக்குள் நான், கிராணி.
குலையோடு வரும் லாரிக்கு ஓர் எண்,
வெறுமையாய்ப் போகும் லாரிக்கு ஓர் எண்.
கழித்தால் கம்பெனியின் நாள்.

இரண்டு லாரிக்கு நடுவே
இறகு சீவுகிறேன், பேனாவுக்கு.

கண்ணாடித் துடைப்பானில் சிக்கியதை
ஆ கியோங் கொண்டுவந்து தருவான்.
டிராக்டர் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு
புழுவுக்கு விலையாய் ஒன்றை விட்டுப்போகும்.
மொஹிதுல் ஒருநாள் சேவல் இறகு நீட்டினான்.
"குழம்பிலிருந்தா?" என்றேன்.
"குழம்புக்கு முன்னால்" என்றான். வாங்கவில்லை.
உதிர்ந்தது மட்டும்தான் என் கணக்கில் சேரும்.

இடச்சிறகு நல்லது,
வலக்கைக்கு வெளியே வளையும், கண்ணில் குத்தாது.
தூவியைச் சுரண்டி
ராத்திரி முழுக்க மைலோ டின்னில் ஊறவைத்து
காலையில் பழைய குவாலியில் மணல் வறுத்து
தண்டைச் செருகினால்
பால்நிறம் போய் நகம்போல் இறுகும்.
பிறகு கத்தி. ஒரு சாய்வெட்டு, ஒரு குழிவெட்டு,
நடுவில் ஒரு கீறல்.
'டிக்' என்று கேட்க வேண்டும்.
கேட்காவிட்டால்
இன்னொரு பறவைக்குக் காத்திருக்க வேண்டும்.

கொக்குத் தண்டு மூன்றே சொல்லில் வாய் பிளக்கும்.
காகம் கெட்டி; 'ணை' போட்டாலும் சுழி பிசகாது.
கூகை மட்டும் சரிப்படவே இல்லை.
ஓரமெல்லாம் சீப்புப் பல்;
சத்தமில்லாமல் பறக்கச் செய்தது
சத்தமில்லாமலே மையைக் கக்கிவிடும்.

கூகைக்கு இங்கே பெயர் மூன்று.
மலாயில் பேய்ப்பறவை.
எங்கள் லயத்தில் சாக்குருவி, அலறினால் கதவைச் சாத்து.
ஆபீஸ் கோப்பில் 'எலி ஒழிப்பு, உயிரியல் முறை'.
செம்பனைக்கு நடுவே கம்பம், கம்பத்தில் பெட்டி,
பெட்டிக்கு எண். சம்பளம் எலியில்.

பதினாலாம் பெட்டி என் ஜன்னலுக்கு நேர்.
செவ்வாய்க்கிழமை அதன் அடியில்
பறவையே உதிர்ந்து கிடந்தது.

மூக்கோரம் காய்ந்த ஒரு துளி.
பக்கத்து மரத்தடியில்
நீல மெழுகுக்கட்டியாய் மருந்து,
எலியின் பல் தடத்தோடு.

இரண்டு சிறகிலும் எண்ணி இருபது தண்டு,
எல்லாம் முழுசு.
இது உதிர்ந்ததா?
என் விதியில் இதற்குப் பதில் இல்லை.
கை நீண்டது. நீண்டதைச் சொல்லிவிடுகிறேன்.
பிறகு கோணியில் ஏந்தி வந்து,
ஏனென்று தெரியாது,
எடைமேடையின் நடுவில் வைத்தேன்.

திரையில் பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு உலகம் கிடையாது.

ஆ கியோங் ஹாரன் அடித்தான்.
இறங்கி வந்து பார்த்தான்.
எஞ்சினையும் அணைத்துவிட்டான்.

அன்று பதிவேட்டில் காகத் தண்டால் எழுதினேன்,
ஒரு முக்கலுக்கு நாலு சொல்.
பெட்டி பதினாலு. கூகை ஒன்று.
முக்கினேன்.
மருந்து தின்ற எலியைத் தின்றது.
முக்கினேன்.
மருந்து வைத்தது நாம்.
நாங்கள் அல்ல, நாம்.
மலாயிலும் இதற்கு இரண்டு சொல் உண்டு;
'கீத்தா' என்றே எழுதினேன்,
படிப்பவரையும் சேர்த்து.
அந்தச் சொல்லின் முடிவில் மை திரண்டு
பொட்டாய் நின்றது. ஒற்றவில்லை.

"கணினி இருக்க ஏன் இந்தக் கோழிக் கிறுக்கல்?"
என்றார் துவான் ரிட்சுவான்.
பால்பாயிண்டால் ஓரத்தில் கையெழுத்து, தேதி.
பொட்டின் ஈரம் அவர் விரலில் ஏறியது.
மத்தியானம் வரை தேய்த்துக்கொண்டிருந்தார்.
மருந்தை நிறுத்தச் சொன்னாரா, தெரியாது.

மொஹிதுல் குழி வெட்டினான்.
இருபது தண்டும் உள்ளே போயின.
மேடையில் ஒட்டிய ஒரு சின்னத் தூவியை
அடுத்த லாரியின் சக்கரம் எடுத்துப்போனது.

இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து,
பத்துக் கிலோ முன்னே பின்னே.