இரண்டு நிலையங்களுக்கு நடுவே

விபோர் நீதிமன்றத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு குரோன்.
மூன்றாம் அறையோடு நின்றுபோனவன் நான்,
ஏழாம் அறையின் ரகசியத்தை
ரசீது போட்டு வாங்கிக்கொண்டேன்.
ஸ்டேப்ளர் ஊசி தீர்ந்துபோச்சு என்று
குமாஸ்தாப் பெண் ஒரு கிளிப் மாட்டித் தந்தாள்.

வழக்கு என்னவோ சொத்துக்காகத்தான்.
ராவ்ன்கில்ட செத்து ஆறு வருஷம்.
பழைய மீன்மாவு ஆலையும் அதற்குள் ஏழு அறைகளும்
யாருக்கு என்று
அவர் தங்கை மகனும் சபையின் கணக்கரும் அடித்துக்கொண்டதில்
பூட்டி வைத்த போதனையெல்லாம்
சாட்சி ஆவணமாகித் தெருவுக்கு வந்தது.

முதல் அறையில் ஒரு ரேடியோ தருவார்கள்.
இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தி
அந்தியில் இருபது நிமிடம் உட்கார வேண்டும்.
இறந்தவர்கள் அந்த இரைச்சலில் இருக்கிறார்கள்.
இரண்டாம் அறையில் அவர்கள் மூச்சைப் பிரித்தறியலாம்.
மூன்றாம் அறையில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்,
சம்பளத்தில் பத்தில் ஒன்று கட்டிய பிறகு.
அதற்கு மேல் என்னவென்று
ஏறியவர் ஏறாதவருக்குச் சொல்லக் கூடாது,
ஒரே கட்டிலில் படுத்தாலும்.

போடில் மளமளவென்று ஏறினாள்.
நான் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி அடுக்குகிறவன்,
பரீட்சை என்றாலே உள்ளங்கை வியர்த்துவிடும்.
ஏழாம் அறையிலிருந்து அவள் திரும்பிய அன்று
நவம்பர், சாய்ந்து அடிக்கும் மழை.
கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்று
ஓர் உருளைக்கிழங்கைத் தோல் சீவினாள்.
தோல் தீர்ந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தாள்,
அது கொட்டைப்பாக்களவு ஆகும்வரை.
என்ன என்று நான் கேட்கவில்லை.
கேட்கக் கூடாது.

அன்று மாலையும் உட்கார்ந்தோம்.
முள்ளை அவள்தான் திருப்பினாள்.
ரிக்கே, என்றேன். ரிக்கே.
பதினொரு வயது. பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம்.
மார்ச் மாதப் பனிக்கட்டியை நம்பலாம் என்று
அவளுக்கு யார் சொன்னது.
கேட்டதா, என்றேன் போடிலிடம்.
ம், என்றாள்.
நாலு வருஷம் கேட்டேன்.
நாலு வருஷமும் ம்.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. மொத்தமே மூன்று வரி.
இரைச்சல் வெறும் இரைச்சல்.
அதில் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை.
இதை அறிந்த பிறகும் உட்காருகிறவர் வந்து சேர்ந்தவர்.

போலி என்கிறது மருமகன் தரப்பு.
ராவ்ன்கில்டவின் தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து
வரியை விட்டு மயிரிழை எம்பி நிற்குமாம்,
இந்தப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நிற்கிறது.
பழுது பார்த்தாகிவிட்டது என்று
கடைக்காரர் சீட்டை நீட்டுகிறது கணக்கர் தரப்பு.
நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு
இரண்டு நாள் சாட்சி சொன்னார்.
தீர்ப்பு வர வசந்தம் ஆகும்.
பக்கம் போலி என்று முடிவானால்
ரிக்கே ரேடியோவில் இருக்கிறாள்,
சட்டப்படி.

ஒன்றை மட்டும் இரண்டு தரப்பும் மறுக்கவில்லை.
அடியில், பெற்றுக்கொண்டோர் பட்டியல்.
ஒன்பது கையெழுத்து, ஐந்தாவது போடிலுடையது.
கடைசி எழுத்தில் அவள் எப்போதும் போடும் சுழி
இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில்
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
ஸ்கீவ தாண்டியது. ஸ்ட்ரூவர் தாண்டியது.
பசிதான் வந்தது.

வீட்டில் அவள் ரேடியோவுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.
மூன்றரை மணி, டிசம்பரில் இங்கே அதுவே அந்தி.
மடித்த தாள் என் உள்பையில்,
கிளிப் விலாவில் குத்தியது.
உட்கார்ந்தோம்.
இன்று நான் பெயரைச் சொல்லவில்லை.
அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.
பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக,
அவளே கூப்பிட்டாள்
ரிக்கே
என்று,
கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்,
கேட்டதா என்பதுபோல.