லைனில நில்லுங்கோ

சுன்னாகம் எக்ஸ்சேஞ்சில பதினெட்டு வருசம்
ஹெட்செற் மாட்டி இருந்தனான்.
அடுத்த ஆள் வருமட்டும் எழும்பேலாது.
காலுக்கு மேல கால் பின்னி அடக்கப் பழகினனான்.
கொழும்புக்கு ட்ரங்க் கோல் கேட்டவை
மூண்டு மணித்தியாலம் பொறுப்பினம்,
என்ர அடிவயிறும் அவையோட பொறுக்கும்.
"லைனில நில்லுங்கோ" எண்டால்
எல்லாம் நிண்டது அப்ப.

இப்ப எழுபத்தாறு.
இப்ப அடிக்கிற மணியை ஆரும் அடிக்கேல்லை.
பத்தரைக்கு ஒருக்கா. பன்னிரண்டுக்கு.
ஒண்டே முக்காலுக்கு.
விழுந்தெழும்பிப் போய்க் குந்தினால்
அரைச் சிரட்டைக்கும் காணாது.
ரோங் நம்பர்.

குழாய் ஓடுற சத்தம் போதும்.
படலை திறந்து, வீட்டுப் பூட்டில திறப்பை வைச்சால்
அந்த நேரத்துக்குள்ளேயே அவசரம்.
கலியாண வீட்டில நான் பொம்பிளையைப் பாக்கிறதில்லை,
கக்கூசு எந்தப் பக்கமெண்டு பாப்பன்.
மானிப்பாய் மண்டபத்தில பின்பக்கம், இரண்டு படி,
லைற் எரியாது.
தங்கச்சியின்ர அந்தியேட்டிக்கு நான் போகேல்லை.
முழங்கால் நோ எண்டு சொல்லிவிட்டன்.
பாவம் முழங்கால், மறுத்துப் பேசேல்லை.

டொக்டர் ஒரு குளிசை தந்தார், மஞ்சள், பொட்டளவு.
நாக்கு அண்ணத்தில ஒட்டிச்சுது.
எண்டாலும் இரவு ஒரு துண்டாய் வந்திது,
வெட்டாத சீலை மாதிரி.
இரண்டு மாதம் ராசாத்தி மாதிரி நித்திரை.

மூண்டாம் மாதம் பால் அடிப்பிடிச்சுது.
பக்கத்து வீட்டு அபிசாவை
அவளின்ர செத்துப்போன தாயின்ர பேரால கூப்பிட்டன்.
கத்தரிக்காய்க்காரனுக்கு இரண்டு தரம் காசு குடுத்தன்,
அவன் ஒருக்காத்தான் திருப்பித் தந்தான்.
பிறகொரு நாள்
கோப்பாய்த் தபாற்கந்தோர் நம்பர் வரேல்லை.
வயர் எல்லாம் கையில கிடக்கு,
எந்த ஓட்டையில குத்துறதெண்டு தெரியேல்லை.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில ஒரு டொக்டர்ப் பெட்டை,
"நூறில இருந்து ஏழேழாக் கழியுங்கோ அம்மா."
தொண்ணூற்றி மூண்டு.
எண்பத்தாறு.
எழுபத்தி
அண்டைக்குக் குளிசை போட மறந்துபோனன் போல,
மணி அடிச்சுது.
"பிள்ளை, எனக்கு ஒண்டுக்கு..."
"ஒண்டுக்கு இன்னும் கனதூரம் கிடக்கம்மா"
எண்டாள், கணக்கை நினைச்சு.
விளங்கினதும் இரண்டு பேரும் சிரிச்சம்.
சிரிச்சதில கொஞ்சம் போட்டுது.
கடும் நிறச் சீலை, தப்பினன்.

குளிசையாயும் இருக்கலாம், வயசாயும் இருக்கலாம் எண்டாள்,
இப்ப சொல்லேலாதாம், நிப்பாட்டிப் பாப்பமாம்.
வேற மருந்தும் இருக்காம், விலை கூடவாம்.
இதுக்குள்ள எது வேணுமெண்டு
ஆரும் என்னட்டக் கேக்கேல்லை.
நித்திரையையோ, கோப்பாய் நம்பரையோ.

கட்டிலுக்குப் பக்கத்தில இப்ப ஒரு வாளி.
மகன் வாங்கி வந்தவன், நீலம், மூடியோட.
வைச்சிட்டு முகம் பாக்காமல் போட்டான்.

நேற்று மூண்டு பத்துக்கு இருந்துகொண்டு கழிச்சுப் பாத்தன்.
எழுபத்தி ஒன்பது, எழுபத்தி இரண்டு,
இடையில நாய் குரைச்சுது, விடேல்லை,
முப்பது, இருபத்தி மூண்டு,
பதினாறு, ஒன்பது, இரண்டு.
பிறகு கழிக்க ஏழு இல்லை.

ஒண்டு வரவே வராது.
அடுத்த கிளினிக்கில அவளுக்குச் சொல்லவேணும்,
மறக்காமல்.