அடுத்த மாசமாம்

ஹவல்லியில் வெள்ளிக்கிழமை
நாலு மணிக்கு மேல்தான் எங்கள் ஷட்டர் ஏறும்.
முழங்கால் உயரம் ஏறுவதற்குள்
அடியில் இரண்டு செருப்புகள் தெரியும்,
வலதில் வார் அறுந்து ஊக்கு குத்தியது.
பால்துரை.
அபு ஹலீஃபாவிலிருந்து இரண்டு பஸ் மாறி
வாங்குவதற்கல்ல, கேட்பதற்கு வருகிறவர்.
"என்ன வே, புதுசு எப்ப?"

அடுத்த மாசமாம், என்பேன்.
கிராபிக்ஸ் இரண்டு மடங்காம்.
ராம் முப்பத்திரண்டில்தான் தொடங்குமாம்.
இல்லை, பழைய பதினாறேதானாம், விலை மட்டும் ஏறுமாம்.
துபாய்க்குப் பெட்டி வந்துவிட்டதாம்,
ஜெபல் அலியில் கிடக்கிறதாம்.
பார்த்தவன் எவனும் இல்லை.

வதந்திக்கென்றே ஒரு வால்
செய்து வைத்திருக்கிறது நம் பாஷை.
எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டலாம்.
அரபிக்காரர்கள் இன்ஷா அல்லா என்றால்
பொறுப்பு மேலே போய்விடுகிறது.
நம் 'ஆம்' போட்டால்
பொறுப்பு எங்கேயும் போவதில்லை,
காற்றில் நிற்கிறது.

மேனேஜர் ஷம்சு பல்லைக் கடிப்பார்:
பழசு ஏழு கிடக்கு அலமாரியில்,
நீ புதுசைப் பற்றி வாயைத் திறந்தால்
கமிஷனில் பிடிப்பேன்.

பால்துரை வில்லா வரைகிறவர்.
பகலில் கம்பெனிக்கு.
இரவில் தனக்கு,
மேல்தட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்து.
எவரோ கட்டப்போகிற நீச்சல் குளத்தில்
தண்ணீர் மின்ன
அவர் லேப்டாப்புக்கு நாற்பது நிமிடம்.
அதற்குள் விசிறி இரைந்து இரைந்து
கீழ்த்தட்டு எட்வின் விழித்துக்கொள்வான்:
"பிளேன் எறங்கிட்டாண்ணே?"

ஒரு வெள்ளி, அவரே கொண்டுவந்தார்.
"அம்பது பேருக்கு இக்காமா புதுப்பிக்க மாட்டாங்களாம்.
பட்டியல் தயாராம்.
மேனேஜர் மேசையிலேயே இருக்காம்."
பார்த்தவன் எவனும் இல்லை.
நான் சுத்தமாக இருந்த ஒரு கீபோர்டை
மறுபடி துடைத்தேன்.

பேச்சை மாற்ற,
அன்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்:
இனி வருவதில் நினைவகம்
பலகையோடு பற்றவைத்தே வருமாம்.
கழற்ற முடியாதாம், பிறகு கூட்டவும் முடியாதாம்.
எவ்வளவு வேண்டும் என்பதை
வாங்குகிற அன்றே முடிவு செய்துவிட வேண்டுமாம்.

"அன்னைக்கே எவனுக்கு வே தெரியும்?"
என்றார்.
தேநீரை முடிக்காமல் போனார்.

பிறகு மூன்று வாரம் வரவில்லை.
மணல்காற்று வந்தது,
கண்ணாடிக் கதவுக்குள்ளும் நுழைந்து
ஏழு பெட்டிகளின் மேலும் மஞ்சளாய்ப் படிந்தது.

வந்தபோது செவ்வாய்க்கிழமை.
சட்டைப்பையில் ரப்பர் போட்ட தினார்.
ஒரு பெட்டியின் தூசியைப் பெருவிரலால் தள்ளி
"இதையே எடுத்துக்கிடவா?
இது போதுமா வே?"

அன்று காலைதான்
ஷம்சுவின் போனில் விலைப்பட்டியல் வந்திருந்தது.
வதந்தியல்ல, முத்திரையோடு, தேதியோடு.
பன்னிரண்டாம் தேதி.
இரண்டு மடங்கு, நிஜமாகவே.
விலை அதே விலை.
எட்டு நாள்.

அவர் முகத்தைப் பார்த்தேன்.
எட்டு நாளைக்கு அதில் இடம் இருக்கிறதா
என்று தெரியவில்லை.
கேட்கவும் இல்லை.

"ஆம்" என்றேன்.
ஆமா என்றுகூட இல்லை,
பள்ளிக்கூடத்தில் படித்த ஆம்,
எதன் வாலாகவும் இல்லாமல், தனியாக.

பில்லுக்கு இரண்டு தினார் கமிஷன்.
அதற்காகத்தானா என்று என்னையே கேட்டால்
இருக்குமாம், என்கிறது உள்ளே.

பன்னிரண்டாம் தேதி புதுசு வந்தது.
நான்தான் பெட்டியை அறுத்தேன்,
மாதிரிக்கு ஒன்றை முன்வரிசையில் திறந்து வைத்தேன்.
திரையில் ஒரு நீச்சல் குளம்.
தொட்டவுடன் மின்னியது.

அவர் எண் என்னிடம் இருக்கிறது.
அழைக்கவில்லை.

வெள்ளி, நாலு மணி.
ஷட்டரை ஏற்றும்போது
முழங்கால் உயரத்தில்
கொஞ்ச நேரம் நிறுத்தினேன்.